புள்ளி வைத்த பக்கம்

முன்னறையில் ‘ணங்’ என்று ஏதோ தகர டப்பாவுக்குள் விழுந்தது. பின்னாலேயே ஒரு பெருமூச்சும் வந்தது. சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அந்தச் சத்தம் எதுவென்று எட்டிப் பார்க்காமலே தெரியும். வீணாகிப்போன கண்ணாடிச் சில்லுகளை அவள் கணவர் அந்த டப்பாவில்தான் போடுவார்.

“போச்சா?” என்று இங்கிருந்தே கேட்டாள்.

“போச்சு.”

அவர் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் அறுத்துப் பொருத்திக் கொடுப்பவர். நகரத்துக் கடைகள் அனுப்பும் லென்ஸ்களை முன்னறை மேசையில் வைத்து, சின்னக் கருவி ஒன்றில் பார்த்து, அச்சு எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அங்கே மையால் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியை நம்பித்தான் பிறகு சாணை பிடிப்பது. முப்பது வருடத் தொழில். மாதத்துக்கு ஒரு லென்ஸ் டப்பாவுக்குப் போனால் அதிகம்.

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். “லென்ஸைக் கவுத்து வச்சுப் புள்ளி வச்சுட்டேம்மா. நாப்பத்தஞ்சுல இருக்க வேண்டிய அச்சு நூத்தி முப்பத்தஞ்சுக்குப் போயிடுச்சு. லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல. பாத்த பக்கம்தான் தப்பு. அப்படியே குடுத்திருந்தா அந்த மனுசன் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டிருப்பாரு.”

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவர் தங்கை தலையைத் தூக்காமலே, அண்ணன் கவிழ்க்காத பொருள் இந்த வீட்டில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டாள். மற்ற ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அக்கா சிரித்திருப்பாள். நாத்தனாரோடு சேர்ந்து இன்னும் இரண்டு வார்த்தை போட்டிருப்பாள். அன்று அவள் சிரிக்கவில்லை. தேநீர் பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் அதையும் கவனிக்கவில்லை.

‘பாத்த பக்கம்தான் தப்பு.’ அந்த ஒரு வரியையே அவள் மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘ஃபிலிம் அக்கா’ என்பார்கள். அந்தப் பெயர் எப்படியோ தெருவுக்கும் வந்துவிட்டது. அதைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுப் பெண்மணி ஒரு வருடம் முழுக்க, “எந்தப் படத்துல வேலை பாக்குறீங்க?” என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள். நாத்தனார்தான் அவளைக் கூப்பிட்டு, எங்கள் அண்ணி வேலை பார்க்கும் படத்தைத் திரையில் போட்டால் ஒன்றுமே தெரியாது, அவ்வளவு மெல்லியது என்று விளக்கம் சொன்னாள்.

அதில் பொய் இல்லை. அக்கா கையாளும் படலம் வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியது. அதற்குள், கண்ணுக்குப் பிடிபடாத அளவில், ஆயிரக்கணக்கான தங்கக் கோடுகள் ஒரே சாய்வில் வரிசையாகப் பதிந்திருக்கும். விளக்கில் பிடித்தால் லேசான வானவில் நிறம் தெரியும். அவ்வளவுதான்.

அந்தக் கோடுகளுக்கு ஒரு வேலை உண்டு. வானொலி அலைக்கும் வெப்ப அலைக்கும் நடுவே டெராஹெர்ட்ஸ் அலை என்று ஒரு கூட்டம் இருக்கிறது. துணியை, காகிதத்தை ஊடுருவிப் போகும். தண்ணீரை மட்டும் தாண்டாது. காற்றின் ஈரப்பதமே அதை விழுங்கிவிடும் என்பதால் அளக்கும் பெட்டிக்குள் எப்போதும் உலர்ந்த காற்றைச் செலுத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு கயிற்றைக் கதவில் கட்டி மேலும் கீழுமாக ஆட்டினால் அலை மேலும் கீழுமாக ஓடும் இல்லையா? அதே மாதிரி இந்த அலையும் ஒரு திசையில் அதிரும். வழியில் அந்தப் படலத்தை நிறுத்தினால், தங்கக் கோடுகள் அதிர்வின் ஒரு பாதியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். நேராக ஆடிய அலை, கயிற்றைச் சுழற்றினாற்போல, சுழன்றுகொண்டே வெளியே வரும். கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இடம்சுழி, மறுபக்கம் சாய்ந்திருந்தால் வலம்சுழி.

படலத்தை ஓர் உலோக வளையத்தில் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுவதுதான் அக்காவின் வேலை. அதற்கு முன் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கை நடுங்காத ஆள் வேண்டும் என்று ஆய்வுக்கூடம் தேடியபோது, ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரைத் தட்டில் வைத்து மூன்று மாடி ஏறி வரச் சொன்னார்கள். வந்தவர்களில் தட்டு நனையாமல் மேலே போய்ச் சேர்ந்தவள் அவள் ஒருத்திதான். இருபத்திரண்டு வருடமாயிற்று. ஒட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். ஒட்டி முடித்ததும், அலை நுழைய வேண்டிய பக்கம் எதுவோ, வளையத்தின் அந்தப் பக்கத்தில் நீல மையால் ஒரு புள்ளி வைப்பாள். தங்கம் இரண்டு படலங்களுக்கு நடுவே பொதிந்திருப்பதால் முன்பக்கமும் பின்பக்கமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அக்காவின் புள்ளிதான் அடையாளம். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

ஒரே ஒரு முறைதான் ஒருத்தி கேட்டாள்.

அவளை அங்கே ‘கணக்கு’ என்று கூப்பிடுவார்கள். தங்கக் கோடு எவ்வளவு நீளம், எவ்வளவு சாய்வு, அதனால் அலை எப்படித் திரும்பும் என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுக்கும் ஆராய்ச்சியாளர். முப்பத்திரண்டு வயது. ஒப்பந்த வேலை. அவளுடைய கணக்குப்படி புதிய படலம் அலையை இடம்சுழியாக மாற்ற வேண்டும். அளந்து பார்த்தால் வலம்சுழியாக வந்தது. முதல் மாதமே அவள் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்து, “பக்கம் சரிதானேக்கா?” என்று கேட்டாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. “புள்ளி இருக்குற பக்கம்தான். இருபத்திரண்டு வருசமா அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண் மறுபடி கேட்கவில்லை. தன் கணக்கிலேயே தவறைத் தேடத் தொடங்கினாள். ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல, ஏழு மாதம் தேடினாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. கடைசியில் துறைத்தலைவர் அவளை அழைத்து, கணக்கு அடிப்படையிலேயே பிசகியிருக்கிறது, வரும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் இந்த வேலையை வேறொருவருக்கு மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். அவள் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. அதன்பின் அது நீளாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. வெள்ளிக்கிழமை அவள் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்ததை அக்கா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

அந்தப் பெட்டிதான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்காவின் கண்முன் நின்றது.

திங்கட்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, புதிய படலத்தை ஏற்றியிருந்த ஏழு வளையங்களில் முதலாவதை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். புள்ளி தன்னைப் பார்க்கும்படி வைத்தாள். வரைபடத்தில் கோடுகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. நுண்ணோக்கியில் அவை இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எங்கே நடந்தது என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வழக்கமாகப் படலத்தை அது வார்க்கப்பட்ட தகட்டிலிருந்து உரித்து நேரே வளையத்தில் ஒட்டுவாள். இந்தப் புதிய படலம் பழையதில் பாதி கனம். உரித்தால் சுருண்டது. அதனால் முதலில் ஒரு பெரிய சட்டத்தில் ஏற்றி, பிறகு வளையத்துக்கு மாற்றினாள். அது அவளாகவே கண்டுபிடித்த உபாயம். அன்றைக்கு அதில் அவளுக்குப் பெருமைகூட. நடுவில் ஏறி இறங்கியதில் படலம் ஒரு முறை கூடுதலாகப் புரண்டுவிட்டது. கை மட்டும் பழைய பழக்கத்தில், பழைய பக்கத்தில் புள்ளி வைத்தது. ஏழு வளையத்துக்கும் அதே புள்ளி.

அந்த நிமிடம் அவள் எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நல்லவர்கள் தவறு செய்வதும் இப்படித்தான், அவசரமே இல்லாமல், யாரும் பார்க்காத ஒரு மத்தியான வேளையில். அக்கா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். முதல் வளையத்தின் நீலப்புள்ளியைத் துடைத்தாள். வளையத்தைத் திருப்பி மறுபக்கத்தில் புதிதாக ஒன்று வைத்தாள். இனி அளந்தால் இடம்சுழி வரும். அந்தப் பெண்ணின் கணக்குச் சரியென்று ஆகிவிடும். அவள் வேலையும் தப்பும், தன் பெயரும் தப்பும். மனசுக்குள் இப்படி ஒரு சமாதானம் செய்துகொண்டு கைகழுவினாள்.

“கடைசியா ஒரு தடவை அளந்து பாரேன்” என்று மாலையில் அந்தப் பெண்ணிடம் சொன்னதும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை கணக்கு அளந்தாள். அலை இடம்சுழியாக வந்தது. அவள் முகம் மலரும் என்று கதவோரம் நின்ற அக்கா காத்திருந்தாள். மலரவில்லை. வெளுத்துப்போயிற்று. மறுபடி அளந்தாள். மறுபடியும் இடம்சுழி. ஏழு மாதமாக ஒன்று சொன்ன படலம் ஒரே நாளில் இன்னொன்று சொன்னால் எதை நம்புவது? அவள் இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

புதன்கிழமை தலைவருக்குச் செய்தி போயிற்று. அவர் கத்துகிறவர் அல்ல. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அளவு அவளுக்குச் சாதகமாகப் புரண்டது எப்படி என்று அந்தப் பெண்ணிடம் மெல்லிய குரலில் கேட்டார். தெரியாது என்றாள். தெரியாது என்பதை நாளைக் கூட்டத்தில் எழுத்தில் கொடுக்கும்படி சொன்னார். தவறாகக் கணக்குப் போட்டவள் என்ற பேர் போய், அளவையே மாற்றியவள் என்ற பேர் வந்துவிட்டது. முன்னதோடு வேறு இடத்தில் வேலை தேடலாம். பின்னதோடு எந்தக் கதவும் திறக்காது.

அன்று வீட்டில் அக்கா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டே இருந்தாள். யார் மேல் கோபம் என்று கணவர் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பஞ்சை நனைத்தது வரை. நாத்தனார்தான் பேசினாள். வாயாடி என்று பெயரெடுத்தவள், அன்று வார்த்தையை எண்ணித்தான் பேசினாள்.

“அண்ணி, தப்பா வச்சது கை. துடைச்சது நீங்க.”

அக்காவுக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

வியாழக்கிழமைக் கூட்டம் அளக்கும் கூடத்திலேயே நடந்தது. தலைவர், இன்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், கணக்கு. அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. அக்காவுக்கு அங்கே வேலை இல்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

“சார், ஒரு நிமிசம். அந்த வளையத்தைத் திருப்பினது நான்தான்.”

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். “எப்போ?”

“திங்கக்கெழம மத்தியானம். அதுக்கு முன்னாடி ஏழு மாசமா அது தப்பான பக்கம் இருந்ததுக்கும் நான்தான் காரணம்.”

“அன்னைக்கே ஏம்மா சொல்லல?”

“சொன்னா என் பேரு போயிடும்னு நெனச்சேன் சார். இப்ப அது இவங்க பேர்ல வந்து நிக்குது.”

அக்கா பதிவேட்டைத் திறந்து, நின்றபடியே எழுதினாள். வளையங்கள் ஏழிலும் புள்ளி தவறான பக்கத்தில் வைக்கப்பட்டது, வைத்தது நான். முதல் வளையத்தின் புள்ளியை யாரிடமும் சொல்லாமல் மாற்றியதும் நான். கீழே தேதியும் கையெழுத்தும். தம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் மூன்று மாடி ஏறிய கைதான். அந்த நான்கு வரி எழுதுவதற்குள் இரண்டு இடத்தில் மை தீற்றிக்கொண்டது.

தலைவர் வார்த்தையை நம்பும் ஆளில்லை, அளவை நம்புகிறவர். அவள் புள்ளியை மாற்றாத மீதி ஆறு வளையங்களையும் நுண்ணோக்கியில் தாமே பார்த்தார். பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் வைத்து அளக்கச் சொன்னார். மாலை நான்கு மணிக்கு முடிந்தது. புள்ளி வைத்த பக்கமாக வைத்தால் வலம்சுழி, திருப்பி வைத்தால் இடம்சுழி. ஆறும் ஒரே பேச்சுப் பேசின. கணக்கில் ஒரு பிசகும் இருக்கவில்லை, முதல் நாளிலிருந்தே.

கணக்கின் கையிலிருந்த காகிதத்தைத் தலைவர் வாங்கி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உன் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அக்கா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் அக்கா ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இனி படலத்தைத் தொடமாட்டேன், வேறு எந்த வேலையானாலும் செய்கிறேன், இல்லையென்றால் போய்விடுகிறேன் என்று எழுதியிருந்தாள். தலைவர் படித்துவிட்டு இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். அழைப்பு மணி அடித்தது. நாத்தனார் திறந்தாள். வாசலில் கணக்கு நின்றிருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த வீட்டுக்கு வந்த முதல் ஆள்.

முன்னறையில் உட்காரச் சொன்னார்கள். கணவர் மேசைமேல் பரப்பியிருந்த லென்ஸ்களை ஓரம் தள்ளிவிட்டு, கடைக்குப் போக வேண்டும் என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிக்கொண்டு வெளியேறினார். நாத்தனார் தேநீர் போடும் சாக்கில் உள்ளே போனாள். போனவள் கதவை ஒருக்களித்தே வைத்திருந்தாள்.

கணக்கு கைப்பையிலிருந்து அக்காவின் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“தலைவர் என்கிட்ட குடுத்தாரு. என்ன செய்யலாம்னு நீயே சொல்லுன்னாரு.”

அக்கா அதைத் தொடவில்லை. “நீ என்ன சொன்னாலும் சரிதாம்மா.”

“ஏழு மாசம் கண்ணாடி முன்னாடி நின்னு, நீ நிஜமாவே முட்டாளான்னு என்னையே கேட்டுட்டு இருந்தேன். அம்மாகிட்ட ஃபோன்ல வேலையெல்லாம் நல்லாப் போகுதுன்னு சொல்வேன். வச்சதும் மறுபடி கணக்கத் தொறந்து உக்காந்துடுவேன்.” அவள் குரல் உயரவில்லை. “பக்கம் மாறிப்போனதுல எனக்குக் கோவமில்லக்கா. எனக்கே நடந்திருக்கலாம். நான் கேட்டப்போ ஒரு தடவை எடுத்துப் பாத்திருக்கலாமே? அதாவது போகட்டும். யாருக்கும் தெரியாம அழிச்சீங்க பாருங்க. அதத்தான் என்னால முழுங்க முடியல.”

அக்காவின் கண் நிறைந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அதைக் கேட்கும் உரிமைகூடத் தனக்கு இல்லை என்று தோன்றவே விழுங்கிக்கொண்டாள்.

“நான் அப்ப பாத்திருக்கணும்” என்று மட்டும் சொன்னாள்.

தேநீர் வந்தது. நாத்தனார் கோப்பையை வைத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அந்த வீட்டில் அவள் விருந்தாளியிடம் இவ்வளவு சாதுவாகப் பேசியது அன்றுதான். கணக்கு பாதி குடித்தாள். குடித்துக்கொண்டே வெறும் வேலை விஷயமாகப் பேசுகிறவளைப் போலச் சொன்னாள். அடுத்த மாதம் இன்னொரு படலம் வருகிறது. இதிலும் பாதி கனம். சுழலும் திசையை மின்சாரத்தால் மாற்றக்கூடிய வகை. சுருக்கமில்லாமல் வளையத்தில் ஏற்ற அங்கே வேறு கை கிடையாது. முன்பு இரண்டு பேரை வைத்துப் பார்த்தார்கள், இரண்டு பேரும் கிழித்துவிட்டார்கள்.

“உங்கள மன்னிச்சுட்டேன்னு சொல்ல நான் வரல. இன்னும் அந்த எடத்துக்கு வரலக்கா, வந்தா சொல்றேன். ஒட்டுறது நீங்க ஒட்டுங்க. ஒட்டினதும் நுண்ணோக்கியில ரெண்டு பேரும் பாக்கணும். பதிவேட்டுல ரெண்டு கையெழுத்து. ஒவ்வொரு வளையத்துக்கும்.”

“என்னை நம்பாம பாக்கணும்” என்றாள் அக்கா.

“ஆமா. நீங்களும் என்னை நம்பாம பாருங்க. என் வரைபடத்துலயும் தப்பு வரும்.”

ஏழு மாதத்துக்கு முன் இதே பெண் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விக்குத் திரும்பிக்கொண்ட அக்கா, இப்போது முகத்தைத் திருப்பாமல், “சரிம்மா” என்றாள். “எந்தத் தேதில வருது?”

“பத்தாம் தேதி.”

“பெரிய சட்டம் ஒண்ணு புதுசா வேணும். பழசு ஓரத்துல வளைஞ்சிருக்கு.”

“சொல்லி வைக்கிறேன்.”

கணக்கு எழுந்தாள். கடிதத்தை அவள் எடுக்கவில்லை, கிழிக்கவுமில்லை. மேசைமேல் அது அப்படியே கிடந்தது. செருப்பை மாட்டிக்கொள்ளும்போது நாத்தனாரைப் பார்த்து, தேநீர் நன்றாக இருந்தது என்றாள். அடுத்த முறை உட்கார்ந்து முழுசாகக் குடித்துவிட்டுப் போக வேண்டும் என்று நாத்தனார் சொன்னாள். அதற்கு அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. படியிறங்கினாள்.

அக்கா வாசல்வரை வந்து, தெருமுனையில் அவள் திரும்பும்வரை நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.